பித்தளைத் தகட்டுக்கு அடியில்

கொடைக்கானல் கடைவீதியில் அப்துல் சலாம் கடைக்குப் போய், இது எந்தக் காலத்து சாமான் என்று கேட்கிறவருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாய் முதலில் தன் கண்ணாடியைத் துடைப்பார். அப்புறம் பொருளைத் துடைப்பார். கேட்டவர் தாத்தா கதை, துரை கதை, ஜமீன் கதை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். கதையை அவர் நம்புவதே இல்லை. இரும்பில் என்ன வெட்டியிருக்கிறது, மரத்தில் என்ன குத்தியிருக்கிறது, அதை மட்டும்தான் நம்புவார். மனிதர்கள் விஷயத்திலும் இந்தக் கறாரில் பாதி அவரிடம் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

வயது அறுபது. படிப்பு எட்டாவது. அத்தா விட்டுவிட்டுப் போன கடிகாரக் கடையில் பூட்டு, தையல் மிஷின், பெட்ரோமாக்ஸ் என்று ஒவ்வொரு வேலையாக வந்து சேர்ந்துகொண்டது. பங்களாக்கள் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஏலத்தில் ஒரு சாக்கு நிறையப் புத்தகம் வாங்கினார், அடுப்பெரிக்கத்தான். அதற்குள் பழைய பட்டாளத் துப்பாக்கிகளைப் படம் போட்டு விளக்கும் தடிப் புத்தகம் ஒன்று கிடந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு வருஷம் அதைப் படித்தார். மார்க்கக் கிதாபை இப்படி ஓதியிருந்தால் ஆலிமே ஆகியிருக்கலாம் என்று மனைவி ரஹ்மத்துன்னிசா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அத்தாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று பாயிடம் உண்டு. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஊசியால் தேதி கீறி வைப்பார்கள், அடுத்த தடவை வந்தால் எப்போது கை வைத்தோம் என்று தெரிவதற்காக. பாய் கடிகாரத்தோடு நிறுத்தவில்லை. பூட்டு, மிஷின், விளக்கு, எதைப் பிரித்தாலும் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் 'ச' என்று போட்டு, தேதி போட்டு, கொண்டுவந்தவர் பெயரில் முதல் எழுத்து ஒன்றிரண்டும் கீறிவிடுவார். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்லும்படியான சங்கதி என்று அவருக்குத் தோன்றியதுமில்லை.

துப்பாக்கி வேலை அவருக்கு வந்தது குருநாதன் வழியாக. குருநாதன் அய்யம்பாளையத்துக்காரர், பாயைவிடப் பத்து வயது மூத்தவர், மலையடிவாரத்தில் லைசென்ஸோடு ஆயுதக் கடை வைத்திருந்தவர். துப்பாக்கிகளில் பழுதான பூட்டுகளை, அதாவது வெடிக்கவைக்கும் விசைப் பகுதியை, ஜீப்பில் கொண்டுவந்து பாயிடம் கொடுப்பார். அந்தப் பழக்கம் சகோதர முறையாகவே ஆகிவிட்டது. ரஹ்மத்துன்னிசாவுக்குப் பிரசவம் சிக்கலான அன்று அடைமழை; ரோட்டில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை. குருநாதன்தான் மரக்கிளையை வெட்டி ஒதுக்கி ஒதுக்கி ஜீப்பை இறக்கி மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரிஃபானா பிறந்தாள். அன்றிலிருந்து குருநாதண்ணன் சொன்னால் பாய்க்கு அது சத்தியம்.

இனி இந்தத் தேர்தல் வருஷத்துக்கு வருவோம். அட்டுவம்பட்டிக்கு அந்தப் பக்கம் ரிசார்ட் கட்டிக்கொண்டிருக்கும் செந்தில்வேல், போர்வையில் சுற்றிய நீளமான சாமானோடு மார்ச் மாதம் கடைக்கு வந்தார். குழலில் ஈயம் ஊற்றி அடைத்தாயிற்று, இனி சுடாது, வெறும் காட்சிப் பொருள்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கீழே ஒரு பெரிய மனிதரிடம் வாங்கினாராம். ரிசார்ட் ஹாலில் மாட்டப் போகிறாராம்.

“கீழ ஒரு போர்டு வைக்கணும் பாய். சிப்பாய்க் கலகத்துல சுட்டதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா கெஸ்ட்டுங்க நின்னு போட்டோ எடுப்பாங்க.”

பாய் கண்ணாடியைத் துடைத்தார். துப்பாக்கியின் மரக்கட்டை புதிதாக இழைத்து வார்னிஷ் பூசப்பட்டிருந்தது. குழலுக்குக் கறுப்பு ஏற்றியிருந்தார்கள். பழைய முகமே தெரியவில்லை. பூட்டுத் தகட்டில் கிரீடமும் சீமை ராணி பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் 1859 என்ற வருஷமும் தெளிவாக இருந்தன. கலகம் அடங்கிய பிறகு பிறந்தது இது என்று சொன்னதும் செந்தில்வேல் முகம் சுருங்கிவிட்டது. பாய் அதோடு விடவில்லை. தகட்டில் வெட்டிய வருஷம் தகட்டின் வயதுதான், துப்பாக்கியின் வயதல்ல என்றார். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று இரும்புப் பூண்களைக் காட்டினார். பழைய மாதிரிப் பூணில் திருகாணியின் நுனி வெளியே துருத்திக்கொண்டிருக்கும்; இதில் உள்ளே அமுங்கியிருந்தது. இந்த மாதிரி வந்தது அறுபத்தொன்று வாக்கில். ஆகவே உறுப்புகளைச் சேர்த்துத் துப்பாக்கியாக்கி முடித்தது அதற்கு முந்தி இருக்க முடியாது.

பிறகு பிரித்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு உறுப்பையும் கையால் ராவி ஒன்றோடொன்று பொருத்துவார்கள். மாறிப் போகாமலிருக்க ஒரே மாதிரி அரத்தால் வெட்டி வைப்பார்கள். இதில் எல்லாவற்றிலும் மூன்று வெட்டு. பூண், ஆணி, பூட்டின் உள்சாமான், எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பாய்க்கு ஒரே சந்தோஷம். இப்படி மாறாமல் வருவது அபூர்வம். பூட்டைப் பிடிக்கிற திருகாணி ஒன்று மட்டும் சேரவில்லை. வெட்டு இல்லை, தலையில் காடியும் கோணல். எவனோ கை சுத்தமில்லாத பயல் சைக்கிள் ஆக்சிலை அறுத்துத் திருகியிருக்கிறான் என்று சலித்துக்கொண்டார்.

கட்டையின் அடியில் பித்தளைத் தகடு ஒன்று உண்டு, தோளில் வைக்கிற பக்கம். அதன் இரண்டு ஆணிகளையும் கழற்றித் தகட்டைத் திருப்பினார்.

ச. 3-2-98. ஒச்.

தன் கையெழுத்தை வேறொருவர் கையெழுத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு பாய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ஆக்சிலை அறுத்த அந்தக் கை சுத்தமில்லாத பயல் அவரேதான். செந்தில்வேல் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இதை யாரிடம் வாங்கினீர்கள் என்று பாய் கேட்டார். குருநாதன் ஐயாவிடம் என்றார் செந்தில்வேல். அவருடைய தாத்தாவுக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் கொடுத்த பரம்பரைச் சொத்தாம்.

ஒச்சன் பண்ணைக்காட்டுக்குக் கீழே, காப்பித் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் குடியிருப்பவர். தேனும் கல்பாசியும் எடுக்கிற ஜனம். தோட்டத்தில் காவல் வேலையும் பார்த்தார். பன்றி விரட்டுவதற்காகத் துரை காலத்துத் துப்பாக்கி ஒன்று அவருடைய அப்பா பேரிலும் பிறகு அவர் பேரிலும் லைசென்ஸோடு இருந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும்; ஓட்டெண்ணி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தொண்ணூற்றெட்டுத் தேர்தலுக்கு முன் பூட்டு கழன்று போயிருந்ததால் ஒச்சன் அதைப் பாயிடம் கொண்டுவந்தார். மிளகு பறிக்கிற சமயம். அடிவாரம் போய் ஒப்படைத்துவிட்டு வர ஒரு நாள் போய்விடும் என்று இழுத்தார். வைத்துவிட்டுப் போ, குருநாதண்ணன் ஜீப்பில் வருவார், நானே கொடுத்துவிடுகிறேன் என்றார் பாய். லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி நம்பரை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

குருநாதன் வந்தபோது பாய் சும்மா கொடுக்கவில்லை. வாய் அடங்காதே. தகடு ஐம்பத்தொன்பது, பூண் அறுபத்தொன்று, எல்லாவற்றிலும் மூன்று வெட்டு, ஓர் உறுப்புக்கூட மாறவில்லை, சீமையில் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவான் என்று அரைமணி நேரம் பெருமையடித்தார். ரசீது எழுதலாமா என்று கேட்கவும் செய்தார். நமக்குள் என்ன ரசீது பாய் என்று குருநாதன் சிரித்தார்.

தேர்தல் முடிந்து ஒச்சன் கீழே போனால், நீதான் போன வாரமே வந்து வாங்கிக்கொண்டு போனாயே என்றார் குருநாதன். ஒச்சன் பாயிடம் ஓடிவந்தார். பாயும் போய்ப் பதிவேட்டைப் பார்த்தார். ஒச்சன் பெயர், லைசென்ஸ் நம்பர், பக்கத்தில் நீல மையில் கட்டைவிரல் ரேகை. பார்த்தார், நம்பினார். அந்த மாதமே காட்டில் ஒரு காட்டுமாடு ஈயக் குண்டு பட்டுச் செத்துக் கிடந்தது. துப்பாக்கியை ஒளித்து வைத்திருக்கிறான், இல்லாவிட்டால் விற்றுவிட்டான் என்று ஒச்சனைப் பிடித்தார்கள். ஸ்டேஷனில் பாயை விசாரித்தபோது அவர் யோசிக்கவே இல்லை.

“குருநாதண்ணன் பொய் சொல்ல மாட்டாரு சார். ரேகை இருக்கு, நானே கண்ணால பாத்தேன்.”

எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். மூலையில் நின்ற ஒச்சன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாய்க்குக் கடை திறந்து கிடந்தது, நிற்கவில்லை. ஒச்சன் எழுபத்திரண்டு நாள் உள்ளே இருந்தார். லைசென்ஸ் போயிற்று, காவல் வேலை போயிற்று. வருஷா வருஷம் கடைக்கு ஒரு குப்பித் தேன் கொண்டுவருவார், அதுவும் நின்றது. அன்றிலிருந்து காட்டில் எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் போலீஸ் ஜீப் முதலில் நிற்பது ஒச்சன் வீட்டு வாசலில். இருபத்தாறு வருஷமாக இதுதான் கதை. பாயும் தன் பங்குக்கு, பழகியவனே இப்படிச் செய்துவிட்டான் பாருங்கள் என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

அன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ரஹ்மத்துன்னிசா அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“ஒச்சன் உள்ள இருந்தப்ப அவரு சம்சாரம் நாச்சியம்மா சந்தைக்கு வரும்போதெல்லாம் அரிசி குடுத்து விட்டேன். உங்ககிட்ட சொல்லல. நீங்க குருநாதண்ணன நம்புனீங்க, நான் அந்தப் பொம்பள மொகத்தப் பாத்து அவ புருசன நம்புனேன்.”

சொந்த வீட்டிலேயே இருபத்தாறு வருஷம் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது. பாய்க்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம்தான், தன்னிடம் சொல்ல முடியாதபடி அவளை வைத்திருந்தது யார் என்று உறைத்தது.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி அய்யம்பாளையம் போனார். வழியெல்லாம் ஒரு நப்பாசை. அண்ணன் எதையாவது சொல்லுவார், வேறு யாரோ விற்றார்கள், தெரியாமல் வாங்கினேன் என்பார், நம்பிவிடலாம் என்று. குருநாதன் தென்னந்தோப்பு வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆயுதக் கடையை எப்போதோ மூடியாயிற்று. வாங்க பாய் என்று எழுந்து கையைப் பிடித்து, இளநீர் வெட்டச் சொன்னார். பாய் இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டே பித்தளைத் தகட்டின் சங்கதியைச் சொன்னார். குருநாதன் மறுக்கவில்லை. முதலில் ஆச்சரியப்பட்டார், அப்புறம் சிரித்தார்.

“அதுக்குள்ள கீறி வச்சிருந்தீங்களா? இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலியே பாய்.”

ஏமாந்தது தான்தான் என்பது போலிருந்தது அந்தக் குரல். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பாய் கேட்டார்.

“நீங்க சொல்லித்தானே அதோட அருமையே எனக்குத் தெரிஞ்சுச்சு. சீமையில கும்பிடுவான்னீங்க. அவன் அத வச்சுப் பன்னி வெரட்டிக்கிட்டுக் கெடந்தான். இப்ப போயி இதக் கெளறுனா உங்க பேரும்தான் சேந்து வரும். ஸ்டேஷன்ல நின்னது உங்க வாய்ச்சொல்லு, என்னோடது இல்ல.”

மழையில் ஜீப் ஓட்டிய அதே மனிதர்தான். அந்த மழை பொய்யில்லை, அந்த ஜீப்பும் பொய்யில்லை. அதுதான் பாயை அதிகம் வதைத்தது. முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருக்கலாம். குடிக்காத இளநீரை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலை ஏறும்வரை அழுதார்.

கேட்டபடி செந்தில்வேலுக்குத் தாள் எழுதிக் கொடுத்தார். கிரீடம், வருஷம், பூண், மூன்று வெட்டு, பிற்பாடு சேர்த்த திருகாணி, எல்லாம் வரிசையாக. கடைசி வரி: பித்தளைத் தகட்டின் உள்பக்கம் என் கீறல் இருக்கிறது, 1998 பிப்ரவரி மூன்றாம் தேதி இந்தத் துப்பாக்கி பண்ணைக்காடு ஒச்சனுடையதாக என் கையில் இருந்தது, அதைக் குருநாதனிடம் கொடுத்தது நான். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று செந்தில்வேல் கெஞ்சினார். அது இல்லாவிட்டால் மற்ற வரிகளும் இல்லை என்றார் பாய். ஒரு நாள் யோசித்துவிட்டு, இந்த வம்பே வேண்டாம் என்று செந்தில்வேலே துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் தாளை இரண்டு முறை படித்தார். குருநாதனைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார். பழைய கேஸிலிருந்து பெயரை நீக்க வேண்டுமென்றால் ஒச்சன் தரப்பிலிருந்து ஒரு மனு வேண்டும் என்றார்.

மனுவைப் பாயே எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு. கீழே ஓரத்தில் இடம் விட்டு, எழுதியதைப் பையில் வைத்துக்கொண்டு, கடைவீதியில் ஒரு மை டப்பாவும் வாங்கிக்கொண்டு பண்ணைக்காட்டுக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து ஜீப், அப்புறம் நடை.

ஒச்சன் வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பாயைப் பார்த்து வரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நாச்சியம்மாள்தான் ஒரு பலகையை எடுத்துப் போட்டுவிட்டு, ரஹ்மத்தக்கா நல்லாருக்காகளா என்று கேட்டாள். பாய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். திருகாணி, தகடு, கீறல், தென்னந்தோப்பு.

“என்னையும் சேத்து ஏமாத்திட்டாரு ஒச்சா. இருபத்தாறு வருசம் என் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டே ஏமாத்திட்டாரு.”

ஒச்சன் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். துப்பாக்கி எந்த வருஷத்தது என்று மட்டும் ஒருமுறை கேட்டார். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றுக்கு முந்தி இல்லை என்றார் பாய். ஒச்சன் தலையாட்டிக்கொண்டார்.

பாய் மனுவைப் படித்துக் காட்டினார். பலகையின் மேல் அதை விரித்து வைத்தார். மை டப்பாவைத் திறந்து பக்கத்தில் நகர்த்தினார். ஒச்சன் அந்த நீல மையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டப்பாவை மூடினார்.

“பேனா குடுங்க.”

முட்டியில் தாளை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒச்சன் என்று எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்தார். எழுத்து பாயின் எழுத்தைப் போல அழகாக இல்லை. ஆனால் பல வருஷம் போட்டுப் பழகிய கையெழுத்து அது.

“தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலு வரைக்கும் படிச்சேன் பாய். லைசென்ஸ் புஸ்தகத்துலயும் இதான் போட்டிருந்தேன். அத நீங்க கையில வாங்கிப் பாத்தீங்களே.”

பாய் அன்று பார்த்தது நம்பரை மட்டும். தகட்டில் இருக்கிற வருஷத்தை நம்பாமல் பூணைப் பார்க்கிறவர், பூணை நம்பாமல் உள்ளே பிரித்துப் பார்க்கிறவர், ஒச்சன் பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகையைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காட்டு ஆள் என்றால் ரேகைதான் என்று அவரே எடுத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று குருநாதனுக்குத் தெரிந்திருந்தது. அது யாருடைய விரலோ, குருநாதனுடையதாகவே இருக்கலாம்.

“இத அன்னைக்கே ஸ்டேஷன்ல சொல்லியிருக்கக் கூடாதா?” பாய் கேட்டார்.

“சொன்னேன் பாய். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பாயிக்கும் அது தெரியும், அவரக் கேளுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். நீங்க வாசல்ல குனிஞ்சு செருப்ப மாட்டிக்கிட்டு இருந்தீங்க.”

ஒச்சன் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு மிளகுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாய் மனுவை மடித்துப் பையில் வைத்தார். செருப்பு வாசலில் கிடந்தது. நாச்சியம்மாள் இரண்டு தரம், கடைசி ஜீப் போயிடும் என்று சொன்ன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.